ஏஞ்சலம்மாளின் ரோஜாவில் சிலந்திப் பேன்

"பூச்சி இலைக்கு மேலயா, அடியிலயா?" என்று கேட்டாள் ஏஞ்சலம்மாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் இருந்ததால் குரல் பாதிதான் வந்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலின் பக்கத்தில் நின்றவர் அவள் கணவர் சேசுராஜ். மும்பை குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் முப்பத்தோரு வருஷம் இரும்பு கடைந்து ரிட்டையர் ஆனவர். இலைக்கு அடி என்று ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

"பூச்சியா? நம்ம பட்டன் ரோஜாவுலயா?"

"பின்ன? இங்க வாரதுக்கு முந்தின நாளே பாத்தேன். இலையெல்லாம் புள்ளி புள்ளியா வெளுத்து, காம்புல நூலாம்படை. சிலந்திப் பேன். வீட்டுக்குப் போயி என்னன்னு பாருங்க."

"இப்பமேவா?"

"பெறவு எப்பம்? இந்த வெயில்ல ஒண்ணு நூறாப் பெருகும். நாளைக்கு வந்து சொல்லுங்க."

சேசுராஜ் தாராவியில் இருக்கும் வீட்டுக்குப் போய் மூன்று நாளாகியிருந்தது. பெண்கள் வார்டில் ஆண்களை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைதான் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளைகள் இல்லை. மாற்றிவிட ஆளும் இல்லை. ஏஞ்சலம்மாளுக்கு இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். "பார்க்கலாம்" என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் சேசுராஜின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆறாவது மாடியில் ஹால் ஜன்னலை ஒட்டி, உள்பக்கமாக மூன்று தொட்டிகள். நடுவில் ரோஜா, இரண்டு ஓரமும் பிகோனியா. மனைவியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் இலையைத் திருப்பினார். அடியில் இருந்த தூசி நடந்தது.

எதிர்வீட்டு கணேசபாண்டியனைக் கூப்பிட்டார். ஐரோலியில் ஏசி மெக்கானிக். எதற்கும் தன் ஃபோனில் ஒரு வீடியோ வைத்திருப்பவன்.

"மருந்தே வேண்டாம் அண்ணாச்சி. தண்ணிய வேகமா அடிங்க, அம்புட்டும் ஓடிரும்."

பாத்ரூமில் வைத்து வேகமாக அடித்தார். பேன்கள் ஓடின. பாதி இலையும் எல்லா மொட்டும் கூடவே ஓடின. தொட்டி மண் சாக்கடைக் குழியை அடைத்துக்கொண்டது. தொட்டி ஜன்னலுக்குத் திரும்பியதும், பிழைத்த பேன்கள் அங்கே இங்கே பார்த்துவிட்டு, இரண்டு பக்கத்துப் பிகோனியாவுக்கும் குடிபோயின.

மறுநாள் இதைக் கேட்டு ஏஞ்சலம்மாள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், வார்டு ஆயா சுஷ்மா ஓடிவந்து முதுகைத் தடவினாள். மராட்டிக்காரி. தாராவியிலேயே வளர்ந்ததால் தமிழ் தாராளமாக வரும்.

"அரே அண்ணா, பேஷண்டைச் சிரிக்க வெக்கிறியா நீ?"

"விடு சுஷ்மா" என்றாள் ஏஞ்சலம்மாள். பிறகு அவரிடம், "மூணு தொட்டியையும் தள்ளித் தள்ளி வையுங்க. முட்டை இருக்கும், திரும்ப வரும். வேப்பெண்ணெய் அடிங்க. லிட்டருக்கு ஒரு டீஸ்பூன், ரெண்டு சொட்டு சோப்பு. சோறு பொங்கிச் சாப்பிட்டுட்டு அடிங்க. வெறும் வயித்துல அந்த வாடை குமட்டும்" என்றாள்.

"ஒரு ஸ்பூன் எந்த மூலைக்குக் காணும் அண்ணாச்சி?" என்றான் கணேசபாண்டியன். நியாயமாகத்தான் பட்டது. ஒரு டம்ளர் ஊற்றினார். உச்சி வெயில் ஜன்னலில் விழும் நேரமாகப் பார்த்து அடித்தார். சாயங்காலத்துக்குள் மிச்ச இலைகள் அப்பளமாகப் பொரிந்துவிட்டன.

மறுநாள் அவர் வார்டுக்குள் நுழைந்ததும் பக்கத்துக் கட்டில்காரி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"குளிச்சீயளா?" என்றாள் ஏஞ்சலம்மாள்.

"ரெண்டு தடவ."

"போயி இன்னொரு தடவ குளிச்சிட்டு நல்லாத் தூங்குங்க. தூங்காத கை அளவு தப்பத்தான் செய்யும். விடிஞ்சதும் பூண்டும் மொளகாயும் அரைச்சு, வடிகட்டி, அந்தத் தண்ணிய அடிங்க."

"வலி எப்படி இருக்கு, ஏஞ்சல்?"

"அதெல்லாம் இருக்கு. பேனப் பாருங்க."

பூண்டு மிளகாயைப் பச்சையாக அரைப்பதைவிடக் கொதிக்கவைத்தால் காரம் இறங்கும் என்பது அவருடைய சொந்த யோசனை. கால் கிலோ மிளகாயைப் போட்டுக் கொதிக்கவிட்டு, புகை போவதற்காகக் கதவைத் திறந்து ஃபேனையும் போட்டார். புகை போனது. ஆறாவது மாடி முழுக்கப் போனது. எட்டு வீட்டு ஆட்களும் இருமிக்கொண்டே படியிறங்கினார்கள். கணேசபாண்டியன் காலில் செருப்பில்லாமல் ஓடினான். கட்டடத்தின் சொசைட்டி செக்ரட்டரி ஃபயர் பிரிகேடுக்கு ஃபோன் போட்டுவிட்டார்.

மூன்று வீரர்கள் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்கள். கண்ணில் தாரை தாரையாக நீர் வழிய, கையில் கரண்டியோடு நின்ற சேசுராஜ், "குலாப்... கீடா..." என்று ரோஜாவுக்கும் பூச்சிக்கும் தெரிந்த இந்தியைச் சொல்லி ஜன்னலைக் காட்டினார். வந்தவர்களில் மூத்தவர் வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தார். கருகிய ரோஜாவின் முன்னால் நின்றார்.

"எரிஞ்சது இது ஒண்ணுதானா?" என்று இந்தியில் கேட்டார்.

இந்தக் கதைக்கு ஏஞ்சலம்மாள் சிரிக்க முயன்றாள். உதடு மட்டும் அசைந்தது. பத்து நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கஞ்சியும் இரண்டு ஸ்பூனுக்கு மேல் இறங்கவில்லை. ஆனாலும் தினமும் அவர் வாய் திறக்குமுன் அவளே கேட்டுவிடுவாள். "பேன் இருக்கா?" இருக்கிறது என்பார். "அப்பம் விட்டுராதீய" என்பாள். மோர் அடிக்கச் சொன்னாள். ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்கச் சொன்னாள். துடைக்க இலை இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பிகோனியாவைத் துடைத்தார்.

ஒரு காலையில் ரோஜாத் தண்டைத் தொட்டபோது படக்கென்று முறிந்தது. உள்ளே பச்சையே இல்லை. முறிந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் இத்தனை நாள் வராத அழுகை அங்கே வந்தது. சத்தம் கேட்டு வந்த கணேசபாண்டியன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"புதுசு ஒண்ணு வாங்கிருவோம் அண்ணாச்சி. அண்ணி ஃபோட்டோவுலதான பாக்கப் போறாவ?"

செம்பூர் நர்சரியில் ஏழு பூப் பூத்த பட்டன் ரோஜா கிடைத்தது. நிறம் ஒரு மாற்றுக் குறைவு. பழைய தொட்டியில் நட்டு, ஜன்னலில் வைத்து, ஃபோட்டோ எடுத்தார்கள்.

"பொழச்சிட்டு, ஏஞ்சல்! நீ வீட்டுக்கு வரும்போது பூவாப் பூத்து நிக்கும், பாரு."

அவள் முகம் மலரும் என்று நினைத்திருந்தார். அவள் ஃபோட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் சுருங்கியது.

"பேன் ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல."

"அடியில பாத்தீயளா?"

"பாத்தேன்."

"கண்ணாடி போட்டு?"

"போட்டுத்தான்."

கண்ணை மூடிக்கொண்டாள். ஓரத்தில் நீர் கசிந்தது. கொஞ்சம் கழித்து அவர் விரலைத் தேடிப் பிடித்தாள். "நாளைக்கும் ஒருக்கப் பாத்துருங்க, என்ன?"

கண்டுபிடித்துவிட்டாள் என்றே சேசுராஜ் நினைத்தார். அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. புதுச் செடிக்குச் செய்ய வேலை எதுவும் இல்லை. வராந்தாவிலேயே இருந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு, வார்டுக் கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டார்கள். நேரமில்லாத நேரத்தில் கூப்பிட்டதுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து நாலாம் நாள், அவளுடைய பையை வாங்க வந்தார். சீப்பு, ஒரு டம்ளர், இரண்டு நைட்டி. சுஷ்மா மடித்துவைத்திருந்தாள். வாங்கிக்கொண்டும் அவர் கிளம்பவில்லை.

"சுஷ்மா, கடைசியில அவள ஏமாத்திட்டேன். அவ ரோஜா செத்துப்போச்சு. கடையில வாங்கின செடியக் காட்டிப் பொழச்சிட்டுன்னு பொய் சொன்னேன். அது தெரிஞ்சுதான் அவ அழுதா. அந்தச் செடியப் பாக்கணும்னுதான் உசுரப் பிடிச்சிட்டு இருந்திருக்கா."

சுஷ்மா கையில் இருந்த போர்வையைக் கட்டிலில் வைத்தாள்.

"செடி பொழைக்கணும்னு அக்கா ஒருநாளும் கேக்கலை, அண்ணா. 'கர்த்தரே, அந்தப் பூச்சி மட்டும் சாகக் கூடாது, அது இருந்தாத்தான் இந்த மனுசன் வீட்டுக்குப் போயி ரெண்டு வாய் சாப்பிட்டுத் தூங்குவாரு'ன்னுதான் தினமும் ஜெபம் பண்ணுச்சு."