நாங்கள் காற்றடித்த நான்கு சக்கரங்கள்

படிக்காதவர்களுக்குச் சந்தேகம் மட்டும்தான் வரும். படித்தவர்களுக்கு அதற்கான ஆதாரமும் சேர்ந்தே கிடைத்துவிடும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்து, பி.எஸ்சி., பி.எட். முடித்தவள் நான். (இதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை.)

எழுபதுகளின் நடுவில், துபாய்க்கு வந்த எட்டாம் நாள், மலைகளுக்கு அப்பால் கோர்ஃபக்கானில் ஒரு சின்னப் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேண்டும் என்று தகவல் வந்தது. பகல் பன்னிரண்டுக்குள் நேரில் வர வேண்டும். துணிக்கடையில் வேலை பார்த்த என் கணவர் ஒரு வேன் பிடித்தார். ஓட்டுநர் முராத் பாய், பலூச்சிக்காரர். ஆறடி உயரம், மருதாணிச் சிவப்பில் தாடி, இடுப்பில் கத்தி.

"ஏங்க, இந்த ஆளு யாரு எவருன்னு விசாரிச்சீங்களா?"

"பதினஞ்சு வருசமா இந்த மலையில ஓட்டுதாரு. நீ வந்து எட்டு நாளாச்சு. சும்மா இரு பிள்ள."

நான் சும்மா இருப்பேனா? கழுத்தில் பன்னிரண்டு பவுன். மடியில் நோட்டு. அதில் குறிப்பெடுத்துக்கொண்டே வந்தேன். 'ஆறு நாற்பது: காரணமின்றிச் சிரித்தார். எட்டு பத்து: ஆடு மேய்க்கிறவனிடம் ரகசியம் பேசினார். மலையைக் காட்டினார். கூட்டாளியோ?'

தார் ரோடு முடிந்து, இரண்டு மலைகளுக்கு நடுவே காய்ந்த ஆற்றுப்படுகை தொடங்கிய இடத்தில் முராத் பாய் வண்டியை நிறுத்தினார். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் குத்தவைத்து, புஸ்ஸென்று காற்றை இறக்கிவிட்டார். நான்கிலும்! பிறகு ஒரு டின்னைத் தூக்கிக்கொண்டு, ரேடியேட்டருக்குத் தண்ணீர் எடுக்கக் கிராமத்துப் பக்கம் போய்விட்டார்.

"நாம தப்பிச்சு ஓடக் கூடாதுன்னுதான் காத்த இறக்கியிருக்கான். ஆளுகளக் கூட்டிட்டு வரப் போறான்" என்றேன்.

"வண்டிக்காரருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?"

"நான் பி.எஸ்சி."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். (கல்யாணமான இரண்டு மாதத்தில் நான் கண்டுபிடித்திருந்த ஆயுதம் அது.) சீட்டுக்கு அடியில் பம்பு இருந்தது. அவர் இரண்டு சக்கரம், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் இரண்டு சக்கரம். கல் மாதிரி ஆகும்வரை அடித்தோம்.

திரும்பி வந்த முராத் பாய் சக்கரங்களைப் பார்க்காமலே வண்டியை எடுத்தார். முப்பது அடி போயிருக்கும். வேன் அச்சுவரை மணலில் இறங்கியது. அவர் குதித்து இறங்கி, டயரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஹவா கிஸ்னே பரீ?"

யார் காற்றடித்தது என்று கேட்கிறார். என் கணவர் ஒரு நொடிகூடத் தயங்காமல் என்னை நோக்கி விரலை நீட்டினார். முராத் பாய் கத்தியை உருவினார்.

"நகையெல்லாம் எடுத்துக்கோங்க! எங்கள விட்டுருங்க!" என்று அலறி, அட்டிகையைக் கழற்றி மணலில் வீசினேன். அவர் அதைத் தாண்டிப் போய், ஒரு மரத்தில் கிளைகளை வெட்டிச் சக்கரங்களுக்கு அடியில் திணித்தார். மறுபடியும் காற்றை இறக்கினார். பக்கத்து மலையில் ஆடு மேய்த்த அந்தக் 'கூட்டாளி' தன் தம்பிகளோடு ஓடிவந்து வண்டியைத் தள்ளினான். போகும்போது அட்டிகையை மண் தட்டி என் கையில் கொடுத்துவிட்டும் போனான். ஆனால் அதற்குள் மூன்று மணி நேரம் போயிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளி பூட்டியிருந்தது. நான் அழுததைப் பார்த்த முராத் பாய் நேரே தலைமையாசிரியை வீட்டுக்கு வண்டியை விட்டார். தாமதத்துக்கான காரணத்தை இந்தியில் முழுசாக நடித்தே காட்டினார், அட்டிகை எறிந்ததுவரை. அந்த மலையாள அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "மோளே, காத்து குறைச்சா வண்டி ஏன் மணல்ல தாழாது? அது மாத்திரம் சொல்லு."

"அழுத்தம் என்பது ஓரலகு பரப்பில் செயல்படும் விசை. சக்கரம் தட்டையானால் பரப்பு கூடும், அழுத்தம் குறையும். ஒட்டகத்தின் அகன்ற பாதமும் அப்படியே" என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பரீட்சையில் பத்துக்குப் பத்து வாங்கிய பதில்.

என் கணவர் மெதுவாகக் கேட்டார்: "இதெல்லாம் உனக்கு முன்னமே தெரியுமா?"

வேலை கிடைத்தது. அறிவியல் டீச்சராக இல்லை. தையல் டீச்சராகப் பன்னிரண்டு வருஷம்.

இப்போது என் மகளுக்கு அழுத்தம் பாடம் நடக்கிறது. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி அப்பாவிடம் போகிறாள். அவரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு படிச்ச டீச்சரம்மா இருந்தாவ..." என்றுதான் ஆரம்பிக்கிறார்.