கைகழுவும் சோப்பின் மூச்சு

மண்டபத்தில் உட்கார இடமில்லை, நிற்கவும் இடமில்லை. யோசிக்க மட்டும் தாராளமாக இடமிருந்தது; அதை யாரும் பயன்படுத்தவில்லை.

மேடையில் செவிச்செம்மல். பட்டம் அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டது. சின்னக் கம்பெனி செய்த பொருள் எதையாவது காதில் வைத்தால் போதும், அந்தக் கம்பெனி மூச்சு விடுவது அவருக்குக் கேட்குமாம். அன்று ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக் காதோடு சேர்த்துக் கண்ணை மூடினார். "வளருது!" என்றார். நாற்காலிக் கம்பெனியின் பங்கை வாங்கக் கூட்டம் முண்டியடித்தது.

"நஷ்டம் வந்தா?" என்று ஒருவர் இழுத்தார். எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒரு துரோகி இருப்பார்.

"சின்னக் கம்பெனியில போட்டா அரசாங்கமே வரியில சலுகை தருதேய்யா! மூழ்குற கப்பலுக்கு அரசாங்கம் டிக்கெட் எடுத்துக் குடுக்குமா?" என்றார் செம்மல்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

மூன்றாம் வரிசையில் சலூன்காரர். எத்தனையோ தலைகளைத் தம் கையில் பிடித்தவர், சொந்தத் தலையைச் செம்மலிடம் ஒப்படைத்திருந்தார். மனைவியின் முழங்கால் ஆபரேஷனுக்குச் சேர்த்த பணம் சட்டைப்பையில் இருந்தது. கைகழுவும் சோப்புக் கம்பெனி ஒன்றில் அதைப் போடப்போகிறார். செம்மல் மாதக்கணக்கில் புகழ்ந்து வந்த கம்பெனி. அதன் முதலாளி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார்.

"உங்களுக்குச் சலுகை எவ்வளவுங்க வரும்?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, வலிக்கும் காலை நீட்டியபடி.

"போட்டதுல கால்வாசியாம்."

"கட்டுற வரியிலதானே அதைக் கழிப்பாங்க? நீங்க எவ்வளவு வரி கட்டுறீங்க?"

"நம்ம வருமானத்துக்கு ஏது வரி?"

"இல்லாத வரியில எதைங்க கழிப்பாங்க?"

அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சலுகை போனா போகுது. கம்பெனி வளருதுல்ல? அவரு காது பொய் சொல்லாது" என்றார்.

"அந்தக் காதையும் பார்த்துடலாம்."

அவள் நொண்டி நொண்டி மேடையேறி, பையிலிருந்து இரண்டு சோப்புப் புட்டிகளை எடுத்து நீட்டினாள். ஒன்றில் அந்தக் கம்பெனியின் லேபிள் இருந்தது. மற்றது மொட்டை.

செம்மல் லேபிள் புட்டியைக் காதில் வைத்தார். "ஆஹா! குதிரை மூச்சு!" மொட்டைப் புட்டியை வைத்ததும் முகம் கோணியது. "இது இழுத்துக்கிட்டுக் கிடக்குது. இதுல பணம் போட்டவன் தெருவுக்கு வந்துடுவான்."

"ரெண்டும் ஒரே சோப்புதாங்க ஐயா. ஒண்ணுல மட்டும் லேபிளை வெந்நீர்ல ஊறவெச்சு உரிச்சுட்டேன். அடியில கம்பெனி பேரு அச்சடிச்சிருக்கு, பாருங்க."

லேபிள் போனால் மூச்சும் போய்விடும் என்று செம்மல் அளந்துவிட்டிருந்தால் பாதிப்பேர் தலையாட்டியிருப்பார்கள். அதற்குள் சோப்பு முதலாளி துள்ளி எழுந்தார். "யோவ்! மாசாமாசம் என்கிட்ட கமிஷன் வாங்கித் தின்னுட்டு, என் சோப்பையே சாகப்போகுதுங்கறியா?"

செம்மல் பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடினார். அவருக்கு மூச்சு வாங்கியது அன்று எல்லோருக்குமே கேட்டது.

சலூன்காரர் சட்டைப்பையிலிருந்த பணத்தை எடுத்து மனைவியின் பையில் வைத்தார்.

"அப்போ சலுகைங்கறது பொய்யாக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"சலுகை நிஜம்தாம்மா. சின்னக் கம்பெனி கவுந்துடும்னு பயந்து யாரும் கிட்ட வரமாட்டாங்க, அதனாலதான் சலுகையே தராங்க. அவசரத்துக்குப் பங்கை விக்கப் போனா வாங்க ஆளிருக்காது. சீக்கிரமே வித்துட்டா, குடுத்த சலுகையையும் திருப்பிக் கேப்பாங்க."

கூட்டத்துக்கு மெய்சிலிர்த்தது. உடனே ஒருவர் பல்துலக்கி ஒன்றைப் பக்தியோடு நீட்டினார். "அக்கா, இந்தக் கம்பெனி எப்படின்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்களேன்!"

"யோவ், இது பல்லு தேய்க்கிறதுக்கு! கேக்கணும்னா கம்பெனிக்காரன்கிட்ட போய்க் கேளு. கடன் எவ்வளவு, லாபம் எங்கேன்னு கேளு."

கேட்பதற்குக் காது மட்டும் போதாது, ஐயா, வாயும் வேண்டும். பணத்தைப் போடுவதற்கு முன்னால் வாயைத் திறந்தால் அதற்குப் பெயர் கேள்வி. போட்ட பிறகு திறந்தால் அதற்குப் பெயர் ஒப்பாரி.