பூட்டுப் போட்ட ஐஸ்பெட்டி

புஷ்பமேரி ஐஸ்பெட்டிக்கு அடியில் தேங்கிய தண்ணீரைப் பழைய வேட்டியால் ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டிருக்கிறாள். விடிந்தால் வாசல் தெளிப்பதுபோல இதுவும் அவள் வேலையாகிவிட்டது. அவளுக்குப் பின்னால் நாற்காலியில் காலை ஆட்டியபடி காப்பி குடிக்கிறாரே, அவரை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். 'கழட்டிப் பார்த்தா தெரிஞ்சுரும்' என்கிற இனம் அது. தெருவுக்கு ஒன்றாவது உண்டு.

பெயர் ராயப்பராஜ், புஷ்பமேரியின் புருஷன்; திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை. பூட்டையே திறக்கிறவனுக்கு உலகத்தில் எதுதான் திறக்காது? கடிகாரம் பிந்தினாலும், தையல் மெஷின் நூலறுத்தாலும், பக்கத்து வீட்டு ரேடியோ இருமினாலும், எல்லாம் இவர் பாயில் வந்து குடலைப் பரப்பிக் கிடக்கும். திரும்பச் சேர்க்கையில் நாலு திருகாணி மிஞ்சும். "கம்பெனிக்காரன் தேவையில்லாம மாட்டியிருக்கான்" என்பார். தப்பு எப்போதும் கம்பெனியுடையது.

கொடைக்கானலில் ஒரு துரை விற்றுவிட்டுப் போன, கரண்டில் ஓடும் ஐஸ்பெட்டி அது. கதவு ரப்பர் வெடித்து, கதவு சரியாகச் சேர்வதில்லை. உள்ளே வெண்ணெயும் மீனும் மட்டும் இருந்தால் புஷ்பமேரி கவலைப்பட்டிருக்க மாட்டாள். அடுத்த வீட்டு அஜீஸுன்னிசா, தன் புருஷன் அப்துல் சுக்கூருக்குப் போடும் சர்க்கரை வியாதி ஊசிமருந்தை அதில்தான் வைத்திருக்கிறாள். தெருவிலேயே ஐஸ்பெட்டி இது ஒன்றுதான்.

"மதுரை மெக்கானிக்குக்கு ஒரு கார்டு போடுங்களேன்."

"மதுரைக்காரன் என்ன, வானத்துலயிருந்தா குதிச்சான்? கதவு சேரல. கதவு சேரலன்னா யாருகிட்ட வரணும்? எங்கிட்டத்தான வரணும்?"

வந்தது. கதவில் கொண்டி, பக்கவாட்டில் நாதாங்கி, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. தண்ணீரும் நின்றது. சும்மா சொல்லக்கூடாது.

ஆனால் இந்த இனம் ஒரு காரியத்தில் ஜெயித்தால் அதைச் சும்மா விடுமா? வெற்றிலைக் கடைக்காரர், கோயில் உபதேசியார், வழி கேட்டு நின்ற சின்னாளப்பட்டிச் சேலை வியாபாரி வரைக்கும் உள்ளே அழைத்து, மடியிலிருந்து சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, "கைய வச்சுப் பாருங்க, மார்கழி" என்பார். மார்கழி தெருவுக்குப் போகும். சித்திரை உள்ளே வரும். இரண்டே வாரத்தில் பெட்டியின் மேல்தட்டறையில் பனி மண்டி, ஐஸ் தட்டு கல்லாக ஒட்டிக்கொண்டது.

ராயப்பராஜ் உளியை எடுத்தார்.

"சுவிட்ச நிப்பாட்டி, கதவத் தொறந்து வச்சா தானா உருகிருமேங்க."

"தானா உருகுறதுக்கு நான் எதுக்கு?"

இந்த இனத்தின் வேதம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். உளியை மூன்றாவது தரம் தட்டியதும் பெட்டி 'புஸ்'ஸென்றது.

"என்னங்க அது?"

"கெட்ட காத்து. போகட்டும், நல்லதுதான்."

மத்தியானத்துக்குள் வெண்ணெய் எண்ணெயானது. மருந்து எடுக்க வந்த அஜீஸுன்னிசா, சீசாவைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணே, வெதுவெதுன்னு இருக்கே. சூட்டுல வச்சா கெட்டுரும்னு டாக்டர் சொன்னாரு. இத அவுகளுக்குப் போடலாமா?"

'தெரியாது' என்ற சொல் இந்த இனத்தின் வாயில் வராது.

"மருந்துக்கென்ன தங்கச்சி, கம்பெனிக்காரன் சும்மா பயமுறுத்துவான்" என்றார் ராயப்பராஜ்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்தபின், உங்கள் வீட்டம்மா ஏதாவது ஒரு மெக்கானிக்கின் விலாசத்தை உங்களுக்குத் தெரியாமல் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாளா என்று மெல்ல விசாரித்துப் பாருங்கள்.

புஷ்பமேரி சீசாவை வாங்கி, ஈரத்துணியில் சுற்றினாள். "மிஷன் ஆஸ்பத்திரில காட்டிக் கேப்போம், வா" என்று அஜீஸுன்னிசாவின் கையைப் பிடித்தாள்.

ராயப்பராஜ் பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, அதன் முதுகுப்பக்கம் தலையை நுழைத்திருந்தார். "ஏ புஷ்பம், எங்க கெளம்பிட்ட? செத்த இந்த டார்ச்சப் பிடி. கண்டுபிடிச்சிட்டேன்."

அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.