இரண்டு ஆடு, மூன்று குட்டி

“இன்னிக்கு அந்த ஆட்டை மட்டும் அவுத்து விட்டுடாதேங்கோ, கேட்டேளா?” என்று கணவரிடம் சொல்லிவிட்டு, சுப்புலக்ஷ்மி பூ வாங்கக் கிளம்பினாள்.

மலையாளச் சீமையில், ஸ்ரீவராகத்தில் நாகேஸ்வரன் வீட்டில் ஆடு கிடையாது. அது கணக்கில் இருந்தது. ‘ஒரு வீட்டில் இரண்டு ஆடு, மூன்று குட்டி. மொத்தம் எத்தனை கால்?’ மகள் ஸ்நேகாவைப் பெண் பார்க்க வரும் பையன்களிடம் அவர் கேட்கும் ஒரே கேள்வி இதுதான். போட்டோ பார்க்க மாட்டார். கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் முகத்தைப் பார்த்தா முடிவு செய்வார்?

போன தடவை வந்த பையனை ஸ்நேகாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவன் இருபது என்றான். ஆட்டுக்குட்டியும் ஆடுதான், குட்டி என்று தனியாகச் சொன்னால் அது குழந்தை, ஆகவே பதினான்கு என்றார் நாகேஸ்வரன். மலையாளத்தில் குட்டி என்றால் குழந்தைதானே? அவர் பெண்ணையே வீட்டில் குட்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். பையனை அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஸ்நேகா அவரிடம் “சாப்பிட வாங்கோப்பா” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மனிதர் உள்ளுக்குள் உடைந்து போயிருந்தார்.

இன்று வேறொரு மாப்பிள்ளை வீட்டார் நாலு மணிக்கு வருவதாக இருந்தார்கள். மூன்றரைக்கே மணி அடித்தது. வாசலில் ஓர் இளைஞன் தனியாக, மூடி போட்ட கூடையோடு நின்றான்.

“குட்டியப் பாக்க வந்திருக்கேன் சார்.”

“வாங்கோ, வாங்கோ. அப்பா அம்மா வரலியா?”

“அவங்க எதுக்கு சார்? நான் பாத்தாப் போதும். பிடிச்சிருந்தா கையோட கூட்டிட்டுப் போயிரலாம்னு வந்தேன்.”

“இன்னிக்கேவா?”

“லேட் பண்ணினா வேற யாராச்சும் கொண்டு போயிருவாங்களே.”

இந்த அக்கறை நாகேஸ்வரனுக்குப் பிடித்தது. பேச்சு ஒரு மாதிரி இருந்தது. பெங்களூரில் வேலை பார்த்தால் அப்படித்தான் ஆகும் என்று எண்ணிக்கொண்டார். கொல்லைப் பக்கம் பூனை கத்தியது. பையன் ஆவலோடு எட்டிப் பார்த்தான்.

“இப்ப வந்துடுவா, இருங்கோ” என்றார்.

இருவரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த கையோடு நாகேஸ்வரனின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டது.

“ஒரு சின்னக் கணக்கு. ஒரு வீட்டுல ரெண்டு ஆடு, மூணு குட்டி. மொத்தம் எத்தனை கால்?”

“இருபது சார்.”

இவனையும் அனுப்பிவிட்டால் ஸ்நேகா சாப்பிடவும் கூப்பிட மாட்டாள். எப்படியாவது இவனைத் தேற வைக்க வேண்டும்.

“அவசரப்படாதேங்கோ. குட்டின்னா எத்தனை கால்?”

“நாலு சார்.”

“எங்காத்துக் குட்டி என்ன நாலு கால்லயா நடக்கறா?”

பையன் பதறி எழுந்தான். “நடக்கலியா சார்? காலுக்கு என்னாச்சு?”

“ஐயோ, ஒண்ணும் ஆகலை! நன்னா நடப்பா. டான்ஸ்கூட ஆடுவா.”

“அடிபட்டிருந்தாலும் பரவால்ல சார், நான் பாத்துக்குவேன்.”

இவ்வளவு நல்ல பையனா! நாகேஸ்வரனுக்குக் கண் கலங்கியது. ஆனால் விடை இன்னும் வரவில்லையே. குற்றம் அந்த வார்த்தையில்தான் என்று அதை மாற்றிப் பார்த்தார்.

“குட்டியை விடுங்கோ. ரெண்டு ஆடு, மூணு பிள்ளை. இப்பச் சொல்லுங்கோ.”

“என்ன பிள்ளை சார்? கீரிப்பிள்ளையா, அணில் பிள்ளையா? அப்பவும் இருபதுதான்.”

“வேற பிள்ளையே கிடையாதா?”

பையன் மிகவும் யோசித்தான். “கிளிப்பிள்ளைன்னா பதினாலு சார்.”

பதினாலு!

நாகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். வழி தப்பாக இருந்தால், விடை சரியாக இருந்தாலும் பூஜ்யம் போடுவதே அவர் வழக்கம். எத்தனையோ பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். அவர் இறங்கி வந்ததில்லை. இப்போது மகளின் முகம் நினைவுக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கொள்கையைக் கைவிட்டார்.

“சரியான விடை” என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தரகர் போனில் வந்தார். “சார், மாப்பிள்ளை...”

“பாஸ் பண்ணியாச்சு! வேற யாரும் இனி இங்கே வரவேண்டாம்” என்று சொல்லி, அவர் மறுபேச்சுப் பேசுவதற்குள் போனை அணைத்தும் வைத்தார்.

வாசலில் ஆட்டோ நின்றது. பூவோடு சுப்புலக்ஷ்மியும், அரை நாள் லீவு போட்ட ஸ்நேகாவும் உள்ளே வந்தார்கள். நாகேஸ்வரன் எழுந்து நின்றார்.

“குட்டி, நான் உன்கிட்டக் கடுமையா நடந்துண்டேன். இவருக்கு என் பூரண சம்மதம்.” பையன் பக்கம் திரும்பினார். “நீங்களும் ஏதாவது கேக்கணும்னா தாராளமாக் கேளுங்கோ.”

பையன் கூடையைத் திறந்து, உள்ளே விரித்திருந்த பழைய துண்டைச் சரிசெய்தபடி ஸ்நேகாவிடம் கேட்டான்: “சார் ஆட்டைப் பத்தியேதான் பேசிட்டிருக்காங்க மேடம். யாராச்சும் வளக்க எடுத்துக்கலாம்னு நீங்க போன் க்ரூப்புல போட்டிருந்தீங்களே, அந்தப் பூனைக்குட்டிக்குத் தடுப்பூசி போட்டாச்சா?”