பத்து லட்சத்து ஒன்றில் மிஞ்சிய ஒன்று

மனிதகுலம் இதுவரை எண்ணிய எண்களில் மகத்தானது 1,000,001. இது நானே ஆராய்ந்து சொன்னது. ஆகவே ஐயத்துக்கு இடமில்லை.

மலேசியாவில் புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு தோட்டத்து அம்மன் கோயில். குடமுழுக்குக்காகப் பத்து லட்சம் முறை 'ஓம் சக்தி' எழுதத் தீர்மானம். சுழியில் முடிந்தால் ஆகாது என்று மேலே ஒன்று சேர்த்தார்கள். வார இதழ்த் துப்பறியும் கதைகளில் பதினெட்டுக் கொலைகளைத் துலக்கியவன் என்பதால், மெர்கோங்கிலிருந்து என்னை அழைத்து 'கணக்கு ஆலோசகர்' ஆக்கினார்கள்.

வீடுகள் நூற்றொன்று. முதல் வேலையாக ஒரு பெயரின் மேல் கோடு கிழித்து நூறாக்கினேன். கையுறை பெக்டரியில் பெட்டி கட்டும் ராக்காயியின் பெயர். தனி ஆள். தனி ஆளெல்லாம் ஒரு குடும்பமா?

ஞாயிறு காலை கூட்டம்.

"வீட்டுக்குப் பத்தாயிரம். மிஞ்சற ஒண்ணை யார் எழுதறது?" என்றார் தலைவர் சீனிவாசகம். அந்த ஒன்றை எழுதுபவருக்குச் சன்னதியில் மாலை உண்டு. ஏழு கைகள் உயர்ந்தன.

நான் எழுந்தேன். "இது பகா எண். எதாலும் மீதியில்லாமல் வகுபடாது. பதின்மூன்று வரை வகுத்துப் பார்த்துவிட்டேன்." பதின்மூன்றில் தேநீர் வந்துவிட்டதைச் சொல்லவில்லை. "மிஞ்சியதை வெளியூர்ப் பெரிய மனிதர் ஒருவர் எழுதுவதே முறை." அடக்கமாகத் தலை குனிந்தேன், மாலைக்கு வசதியாக.

"அண்ணே." வாசலில் ராக்காயி, பெக்டரிச் சீருடையோடு. "எனக்கு மட்டும் எழுதற நோட்டு வரலியே."

"உங்களைச் சேத்தா கணக்கு நேரா வராது லா, அக்கா," என்றார் செயலாளர் விக்னேஸ்வரன். "சார் சொல்லிட்டாரு."

"வரும், தம்பி. நூறு வீடும் ஆளுக்குத் தொண்ணூத்தொம்பது குறைச்சு எழுதட்டும். எவ்ளோ மிச்சம்?"

விக்னேஸ்வரன் ஹேன்போனைத் தட்டினார். "ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரம்."

"இப்ப அடிச்சுக்கிட்டீங்களே, அந்த ஒண்ணையும் அதுல போடுங்க. ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ணு. அது என் பங்கு. மத்தவங்க பங்கு எவ்ளோன்னு பாருங்க."

பார்த்தார். அதே 9,901. மீதி இல்லை.

"எப்படிக்கா?"

"முப்பது வருசமா பெட்டி கட்டறேன். ஒண்ணு மிஞ்சினா தூக்கிப் போடறதில்ல, தம்பி. பிரிச்சு அடுக்குவோம்."

நோட்டு கைக்கு வந்தது. தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சாருக்கும் ஒண்ணு குடுத்துரலாமா?"

விக்னேஸ்வரன் மறுபடி தட்டினார். "நூத்திரெண்டு பேருன்னா தொண்ணூத்தஞ்சு மிஞ்சுது, தலைவரே."

"பரவால்ல லா," என்றார் ராக்காயி. "சாரும் எழுதட்டும். மிஞ்சறதை நான் எழுதிடறேன்."

ஆராய்ச்சியாளன் என்ற முறையில் ஓர் உண்மையைப் பதிவு செய்கிறேன். 1,000,001 என்ற எண் யார் பெயரையும் வெட்டச் சொல்லவில்லை. அது முழுக்க என் சொந்தக் கண்டுபிடிப்பு.