ஐந்தாம் வகுப்பில் தஞ்சம்

டுசல்டோர்ஃப்,
14.03.1996

மதிப்புக்குரிய சிவகுருநாதன் அத்தானுக்கு,

கொலோனில் நீங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பியே எழுதுகிறேன். சுகமில்லை என்றால் இந்தக் கிழமை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குள் இன்னொரு பயத்துக்கு இடமில்லை.

உங்கள் மருமகள் தக்சாயினி நாலாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். இந்த நாட்டில் ஒரு பிள்ளையின் தலைவிதியைப் பத்து வயதில் எழுதிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அரசாங்கப் பள்ளிக்கூட ஆசிரியை அவளை ஹவுப்ட்ஷூலவுக்கு, அதாவது மூன்று வகைப் பள்ளிக்கூட வாசல்களில் ஆகக் கடைசி வாசலுக்கு, சிபாரிசு செய்யப்போகிறாராம். பிள்ளை வகுப்பில் வாய் திறப்பதில்லையாம். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்காதே என்று நானும் அவள் தாய் சிவமலரும் சொல்லிச் சொல்லி வளர்த்ததன் பலன்.

ஆகவே நகரத்துக்கு வெளியே இருக்கும் சுயாதீனப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பித்தோம். அதற்கும் அரசாங்கம் காசு கொடுக்கிறது. ஆனால் எப்படிப் படிப்பிக்கிறீர்கள் என்று தலையிடுவதில்லை. அங்கே புள்ளி இல்லை, வகுப்பேற்றாமல் நிறுத்துவதில்லை, கடைசி வகுப்புவரை எல்லாருக்கும் ஒரே வாசல். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பயம் புள்ளி அறிக்கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இவர்கள் அதை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாததால் எனக்கு இரண்டு மடங்கு பயம். இருப்பது இரண்டு இடம், கேட்பவர்கள் முப்பது பேர். குடும்பமாக நேரில் பேச வரும்படி நாளும் நேரமும் குறித்து டெர்மின் வந்தது.

நேரில் பேச வரச்சொன்னால் என்ன நடக்கும் என்று எண்பத்தைந்தில் பட்டவன் நான். அகதி விசாரணையில், கொழும்பை விட்டது செவ்வாய்க்கிழமை என்று நானும் புதன்கிழமை என்று சிவமலரும் சொன்னதால் நாலு வருடம் இழுபட்டோம். அதனால் இம்முறை மூன்று கிழமை ஒத்திகை. பிள்ளை பிறந்த மணி, பல் முளைத்த திகதி, பாலர் பள்ளிக்குப் போன பஸ்ஸின் இலக்கம் எல்லாம் மூவரும் பிசகாமல் சொல்லப் பழகினோம். பிள்ளையைக் கண்ணாலும் காணாத ஊர்ச் சமாதான நீதவானிடம் நற்சான்றிதழ் எடுப்பித்து, மொழிபெயர்த்துக் கொண்டுபோனேன்.

லோமன் என்ற அந்த ஆசிரியர் தேநீர் தந்தார். ஒரு திகதியும் கேட்கவில்லை. கேட்காமலே நற்சான்றிதழை எடுத்து மேசையில் வைத்தேன். மகளுக்கு எதில் சந்தோசம் என்று கேட்டார். இது ஒத்திகையில் இல்லை. சட்டத்துக்கு உட்பட்டே சந்தோசப்படுவாள் என்றேன். அரசாங்கப் பள்ளிக்கூடத்திலேயே தொடர்ந்தால் என்ன என்று கேட்டார். திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு தக்சாயினியைப் பார்த்துச் சிரித்தார். அவள் எழுந்து நின்று, பெப்ரவரி ஒன்பதாம் திகதி காலை ஆறு பத்துக்குப் பிறந்ததாகவும் எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை என்றும் டொச் மொழியில் ஒப்புவித்தாள்.

ட்றாமில் சிவமலர் கேட்டாள்: "உயிருக்கு ஆபத்து எண்டு ஏனப்பா சொன்னனீங்கள்? அது எங்கடை பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம்."

"எழுதி வைச்சபடிதானே சொல்ல வேணும்?"

நிராகரிப்பு நிச்சயம். அன்று அகதி விண்ணப்பத்தை நிராகரித்த கடிதத்தை வாசிக்க ஆள் தேடியதில் மறுப்பு மனுவுக்கான தவணை ஒரு நாளால் தவறிப்போனது. ஆகவே இம்முறை மறுப்பு மனுவை முன்கூட்டியே எழுதி, கையொப்பமிட்டு, முத்திரை ஒட்டி மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்து உறை வந்தால், நான் வேலையில் நின்றாலும், அதைப் பிரித்து மினக்கெடாமல் மனுவைத் தபாலில் சேர்க்கச் சிவமலரிடம் சொல்லியிருக்கிறேன். மேல் விசாரணைக்கு நீங்கள் சாட்சியாக வர வேண்டும். கறுப்புக் கோட்டோடு வாருங்கள்.

நேற்றுச் சாப்பிடும்போது பிள்ளை, "அப்பா, என்னை அனுப்பிப்போடுவினமோ?" என்று கேட்டாள். எங்கே என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் பிள்ளைகள் எந்த வாசலால் போனாலும் நன்றாக இருக்கட்டும்.

பயத்துடனும் பணிவுடனும்,
நவரத்தினம்

பி.கு.: சாட்சி வேண்டாம். உறை இன்று காலையே வந்ததாம். சிவமலர் என் சொல் தவறாமல் மனுவை அனுப்பிவிட்டாள். இப்போதுதான் தக்சாயினி உறையைப் பிரித்து வாசித்தாள். அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். இவ்வளவு பயத்தோடு வாழும் பிள்ளைக்கு முதலில் இடம் கொடுப்பது தங்கள் கடமையாம். "உங்கள் முடிவை எந்த நிலையிலும் ஏற்க மாட்டோம்" என்பது என் மனுவின் முதல் வரி. நாளைக் காலை லோமனிடம் போகிறோம். பிள்ளை சொல்கிறாள்: "நான் கதைக்கிறன் அப்பா. நீங்கள் வாய் திறக்காமல் இருங்கோ."