தற்காலிகமாக வைத்த பேர்

விழுப்புரம்,
ஞாயிறு காலை.

திருவெண்ணெய்நல்லூரில் வாழும் மரியாதைக்குரிய மச்சான் தென்னரசு அவர்களுக்கு, ஷேர் ஆட்டோ கோதண்டபாணி வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை வேணியும் சுகம். உங்கள் கரும்பும் மல்லாட்டைக் கொல்லையும் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன?

வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில், என் மூன்றாவது பெண் போதும்பொண்ணு கம்ப்யூட்டர் படிக்கிற கல்லூரியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். சித்ரா மேடம் மேடையில் இங்கிலீஷில் உரக்கப் பேசினார். பாராட்டுகிறார் என்று எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். பார்த்தால், பிள்ளைகள் எழுதிய புரோகிராமைத் திட்டிக்கொண்டிருந்தாராம். பிறகு எனக்காகவே தமிழுக்கு மாறினார். புரோகிராமில் ஒவ்வொரு விவரத்தையும் ஒரு பேர் போட்டு வைக்க வேண்டுமாம், டப்பாவில் உளுந்து, துவரை என்று எழுதி ஒட்டுகிற மாதிரி. இவர்களோ எக்ஸ், ஒய், டெம்ப் என்று வைத்திருக்கிறார்கள். "உள்ள என்ன இருக்குதோ அதைச் சொல்ற பேரா இருக்கணும். அப்புறம் மாத்திக்கலாம்னு தற்காலிகமா டெம்ப்னு வெப்பீங்க, யாரும் மாத்த மாட்டீங்க, அதுவே நின்னுடும்" என்றார். மச்சான், என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மூன்றாவதும் பெண் என்றதும், போதும் என்று அதையே பேராகச் சொல்லி எழுதவைத்துவிட்டு, அடுத்தது பையன் பிறந்ததும் இவளுக்கு நல்ல பேராகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்றுதானே இருந்தேன்? பையனும் வரவில்லை, பேரும் போகவில்லை.

வெளியே கேன்டீனில் மெல்ல ஆரம்பித்தேன். "ஏம்மா, பேர மாத்திக்கினா இன்னா? ஃபாரம்கூட வாங்கியாந்துட்டேன்."

"இப்பவா? இத்தினி சர்டிபிகேட்ல இந்தப் பேருதான் ஓடிக்கினு இருக்குது. ஒரு எடத்துல மாத்துனா ஒம்போது எடத்துல புட்டுக்கும். பேஜாரு பண்ணாதப்பா" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "எனக்குப் பேரு மேல கோவம் இல்ல. வெச்ச மாமா மேலதான். போன வருசம் அவரையே கேட்டேன். 'ஆமாம்மா, நான்தான் வெச்சேன்'னு கூசாம சொல்றாரு" என்றாள்.

அவள் அஞ்சாவது படிக்கும்போது, பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுகிறார்கள் என்று அழுதுகொண்டு வந்து, யார் இந்தப் பேரை வைத்தது என்று கேட்டாள். பயத்தில் என் வாயில் உங்கள் பேர்தான் வந்தது. பதினோரு வருடமாக அந்தப் பொய்யை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நீங்களோ என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததைக்கூட உங்களிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள். அந்தக் கேன்டீனிலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "வடை சாப்பிடறியாம்மா?" என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வாங்கிய இரண்டையும் நானே தின்றேன்.

இன்று சாயங்காலம் அவள் போன் செய்யும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். இந்தக் கடிதம் உங்கள் ஊர்ப் பக்கம் போகிற ஆட்டோவில் மதியமே வந்துவிடும்; ஏழு மணிக்கு உங்களுக்கு அவளிடமிருந்து போன் வரும், கையிலேயே வைத்திருங்கள். தாய்மாமன் வாயால் அவளுக்கு நாலு நல்ல வார்த்தை கிடைக்கட்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

தலைகுனிந்து,
கோதண்டபாணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

"இன்னாப்பா பண்ணிக்கினு இருக்க?"

"மாமாவுக்கு லெட்டர் எழுதறேம்மா."

"அவருக்கு இன்னா லெட்டரு?"

"சும்மா. வறுக்கறதுக்கு மல்லாட்டை வெலை கேட்டு."

ஆகவே ஏழு மணிக்குக் காத்திருக்க வேண்டாம். மல்லாட்டை விலையை மட்டும் மறக்காமல் எழுதுங்கள், அவள் கேட்டாலும் கேட்பாள். அவள் போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: உனக்குப் பேர் வெச்சது நான்தாம்மா.